அழுத தாய்மார் மட்டுமா? கற்றுக்கொடுத்த தாய்மாரையும் பாட்டிமாரையும் பற்றி

பனையோலை (இழையைத் தொடங்கியவர்)

அன்னையர் தினம் வந்தால் எங்கள் பக்கத்துச் சபைகளில் மோனிக்காவைப் பற்றிப் பேசாத பிரசங்கம் அபூர்வம். மகன் அகஸ்தீன் வழிதவறிப் போனான், தாய் வருஷக்கணக்கில் அழுது ஜெபித்தாள், 387-ஆம் ஆண்டு ஈஸ்டரில் மிலான் நகரில் அவன் ஞானஸ்நானம் பெற்றான், அதே ஆண்டில் அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். எத்தனை முறை கேட்டாலும் மனம் நெகிழ்கிறது. ஆனால் பிரசங்கம் முடிந்து வெளியே வரும்போது, தாய்மாருக்குச் சபை கொடுத்திருக்கும் வேலை அழுவது ஒன்றுதான் போல என்று தோன்றிவிடுகிறது. இது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

தீமோத்தேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். லீஸ்திரா ஊர்க்காரன். தகப்பன் கிரேக்கன், தாய் விசுவாசியான யூத ஸ்திரீ என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. பவுல் அவனுக்கு எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இரண்டு அதிகாரம் தள்ளி, நீ வேத எழுத்துக்களைச் சிறுவயது முதல் அறிந்தவன் என்கிறார். யார் அறியவைத்தது? தகப்பனைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அந்த வீட்டில் வேதபாடம் நடத்தியவர்கள் அந்த இரண்டு பெண்கள்தான் என்றே நான் வாசிக்கிறேன்.

இதைவிடத் தெளிவான சாட்சி நான்காம் நூற்றாண்டில் இருக்கிறது. கப்பத்தோக்கியாவிலுள்ள செசரியாவின் பேராயர் பசீலியுஸ். ஏதென்சில் படித்தவர், திருச்சபையின் பெரிய இறையியல் மேதைகளில் ஒருவர். 370-களில் அவருடைய போதனையின் மேலேயே சந்தேகம் கிளப்பினார்கள். தன் விசுவாசம் நேரானது என்று நிரூபிக்க அவர் யாரைச் சாட்சிக்கு அழைத்தார் தெரியுமா? பாட்டி மக்ரீனாவை. நெயோசெசரியா சபையாருக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் ஊரிலிருந்து வந்த என் பாட்டிதான் என்னை வளர்த்தாள், உங்கள் பழைய பேராயர் கிரகோரியின் வார்த்தைகளைக் காத்துவைத்திருந்து குழந்தையாயிருந்த எனக்குச் சொல்லித்தந்தாள் என்கிறார். இன்னொரு கடிதத்தில், தாயிடமும் பாட்டியிடமும் சிறுவயதில் பெற்ற அறிவுதான் எனக்குள் வளர்ந்தது, அதை விட்டு வேறொன்றுக்கு நான் மாறவில்லை என்று எழுதுகிறார். ஏதென்சு ஆசிரியர்களில் ஒருவரையும் அந்த இடத்தில் அவர் கூப்பிடவில்லை.

அந்த மக்ரீனா யார்? உபத்திரவ காலத்தில் கணவரோடு பொந்து நாட்டு மலைக்காடுகளில் ஏறக்குறைய 7 வருஷம் ஒளிந்து வாழ்ந்தவள். அவளுடைய மருமகளும் பசீலியுஸின் தாயுமான எம்மெலியா தன் மூத்த மகளுக்குச் சங்கீதங்களை வைத்தே படிப்பு சொல்லிக்கொடுத்தாள். ஒரே வீட்டில் மூன்று பேராயர்கள் உண்டானது அதன் பிறகுதான்.

உங்கள் வீட்டில் யார் கற்றுக்கொடுத்தது? என்ன கற்றுக்கொடுத்தார்கள், எப்படி? "நிறைய ஜெபம் பண்ணுவாங்க" என்பதோடு நிறுத்திவிடாமல் எழுதுங்கள்.

---

நாசரேத்து_மகள்

அண்ணே, என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆச்சி மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைவாள். பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து மனப்பாட வசனம் ஒப்பிக்க வேண்டும். கை பாட்டுக்கு ஓலையை மடக்கிக்கொண்டே இருக்கும். வசனம் தப்பினால் மட்டும் கை நிற்கும். கை நின்றால் எங்களுக்கு உயிர் போய்விடும்.

ஓய்வுநாள் பாடசாலையில் வசனம் சரியாகச் சொன்னால் கைதட்டுவார்கள். ஆச்சியிடம் அது பாதி வேலைதான். "சரி, அதுக்கு முந்தின வசனம் என்ன?" என்பாள். எந்த வசனம் சொன்னாலும் இதே கேள்வி. முந்தின வசனம் தெரியாவிட்டால் எழுந்துபோய் வேதாகமத்தை எடுத்துவந்து வாசிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயம். பிலிப்பியர் 4:13-ஐ அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன், "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு". ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். அதே கேள்வி. நான் வேதாகமத்தைத் திறந்தேன். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் தெரியும் என்று இருந்தது. "ஏட்டி, பரீட்சையில பாஸாகணும்னு பவுல் இத எழுதல. செயில்ல கெடந்து, பட்டினியும் பாத்துட்டு எழுதுனது. நீ பெயிலானாலும் இந்த வசனம் ஒனக்குச் செல்லும்" என்றாள்.

பின்னாளில் எத்தனையோ கன்வென்ஷன்களில் அந்த வசனத்தை வைத்து ஜெயம், உயர்வு, பதவி என்று முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை அசைக்கவில்லை. என் கணவருக்கு வேலை போனபோதுதான் ஆச்சி சொன்னது முழுதாக விளங்கியது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் நிலைத்து நின்ற வசனம் அதுதான், முந்தின வசனத்தோடு சேர்த்து.

---

பழைய_ஏடு

பனையோலை ஐயா சொன்ன வரிசையில் ஒருவர் விட்டுப்போனார்: சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பாட்டெழுதிய சார்லஸ் வெஸ்லி இருவருக்கும் தாய். அவர் கதையில் தரங்கம்பாடி வருகிறது. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சூசன்னா 1669-இல் லண்டனில் ஒரு போதகர் வீட்டில் 25-ஆவது பிள்ளையாகப் பிறந்தவர். கணவர் சாமுவேல், எப்வொர்த் என்ற சிற்றூரின் சபை குரு. 19 பிள்ளைகள் பிறந்து, ஏறக்குறைய பாதிப்பேரைக் குழந்தையிலேயே மண்ணில் வைத்த தாய். மிஞ்சியவர்களுக்கு வீட்டிலேயே பள்ளி. காலை 9 முதல் 12, மதியம் 2 முதல் 5. ஐந்து வயது முடிந்த மறுநாள் எழுத்துக்களைப் படிக்கவைப்பார். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டன, இரண்டு பேருக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்தது நேரே ஆதியாகமம் முதல் அதிகாரம். வீட்டுச் சட்டங்களில் ஒன்று: பெண்பிள்ளை நன்றாக வாசிக்கத் தெரியும்வரை அவளைத் தையல் வேலைக்கு உட்கார்த்தக் கூடாது. 1700-களின் தொடக்கத்தில்!

இனி தரங்கம்பாடி. 1706 ஜூலையில் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சாவும் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகி, ஒரு பிரதி எப்வொர்த் குருமனைக்கும் வந்து சேர்ந்தது. கணவர் லண்டனில் இருந்த நேரம் அது. மூத்த மகள் எமிலி தகப்பனின் அறையிலிருந்து அதைக் கண்டெடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அந்த இரண்டு மிஷனரிகளின் வைராக்கியம் சூசன்னாவை அப்படியே பிடித்துக்கொண்டது. நான் ஆணும் இல்லை, குருவும் இல்லை, ஆனாலும் இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று தோன்றியதாக 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

செய்தது இரண்டு காரியம். ஒன்று, ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து பேசுவது. வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. மற்றது, ஞாயிறு மாலை வீட்டார்க்குப் பிரசங்கம் வாசிப்பது. வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள், கடைசியில் ஏறக்குறைய 200 பேர் கூடி நின்றார்கள். துணைக் குருவின் ஆராதனைக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. அவர் புகார் எழுதினார், கணவர் நிறுத்தச் சொன்னார். சூசன்னாவின் பதில்: வெறும் விருப்பமாகச் சொல்லாதீர்கள், முழுக் கட்டளையாகச் சொல்லுங்கள், கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நிற்கும்போது இதற்கு நான் பொறுப்பில்லை என்று ஆகட்டும். கூட்டம் தொடர்ந்தது.

ஜான் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியரான பிறகும், எனக்கு முன்பு கொடுத்த அந்த வியாழன் மாலையில் கொஞ்சத்தை இப்போதும் கொடுங்கள் என்று அம்மாவுக்கு எழுதினார்.

சீகன்பால்குவின் தாயைப் பற்றியும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் ஊர். அவர் சிறுவனாக இருக்கும்போதே தாய் மரணப்படுக்கையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஒரு பொக்கிஷம் சேர்த்துவைத்திருக்கிறேன், வேதாகமத்தில் தேடுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் என் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்றாளாம். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியது. அந்தத் தாய் அழுதாள், ஐயா. ஆனால் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். உங்கள் வாதத்துக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

---

மார்த்தாண்டம்_டீச்சர்

சூசன்னா அம்மையாரை நானும் மதிக்கிறேன். ஆனால் முழுப் படத்தையும் வையுங்கள். அந்த வீட்டுச் சட்டங்களை விவரித்து 1732-இல் ஜானுக்கு எழுதிய அதே கடிதத்தில், பிள்ளையின் சுயசித்தத்தை முதலில் அடக்க வேண்டும் என்கிறார். ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் பழக்கப்பட்டார்கள் என்கிறார். ஒரு வயதுக் குழந்தை!

பள்ளிக்கூடத்தில் தினமும் பிள்ளைகளைப் பார்க்கிறவள் நான். "பிரம்பைக் கையாடாதவன்" வசனத்தைச் சொல்லி அடிக்கிற வீடுகளையும் பார்க்கிறேன். பயந்து மனப்பாடம் பண்ணின வசனம் பயத்தோடு சேர்ந்தேதான் மனதில் இருக்கும். கல்லூரிக்குப் போனதும் இரண்டையும் சேர்த்து உதறிவிடுகிறார்கள். சூசன்னாவின் மகள் ஹெட்டி நிலைமை என்ன? எட்டு வயதிலேயே கிரேக்கம் வாசித்ததாகச் சொல்லப்படும் பெண். ஒரு தவறுக்குத் தகப்பன் கடைசிவரை மன்னிக்கவில்லை, பொருந்தாத கலியாணத்தில் கிடந்து துன்பப்பட்டாள். அந்த வீட்டைப் பேசும்போது அவளையும் பேச வேண்டும்.

---

பனையோலை

டீச்சர் சொன்னதை மறுக்க மாட்டேன். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பிரம்பு எந்தக் காலத்திலும் தவறு. அதே கடிதத்தில், குற்றத்தைத் தானாக ஒத்துக்கொள்ளும் பிள்ளையை அடிக்கக் கூடாது, ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை தண்டிக்கவோ சொல்லிக்காட்டவோ கூடாது என்றும் இருக்கிறது. அது பிரம்பை நியாயப்படுத்தாது.

நான் கவனிப்பது வேறு. வளர்ந்த ஜான் எதைத் திரும்பக் கேட்டார்? பிரம்பு நடந்த பள்ளிக்கூட நேரத்தை அல்ல, வியாழன் மாலையை. இத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மா தனக்கென்றே ஒதுக்கிய நேரம். நாசரேத்து_மகளின் ஆச்சியும் அதைத்தானே செய்தாள்? கை நின்றால் பயம் இருந்தது என்கிறார், ஆனால் கடைசியில் தங்கியது "நீ பெயிலானாலும் செல்லும்" என்ற வார்த்தை.

---

கடலோரம்

நான் கத்தோலிக்கன், முத்துக்குளித்துறைப் பக்கம். உங்கள் பேச்சில் ஒரு குறை தெரிகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசுவதெல்லாம் படித்த பெண்களைப் பற்றி. எழுத்தே தெரியாத தாய்மார் என்ன செய்வார்கள்?

என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ராத்திரி வள்ளம் கடலில் இருக்கும்போது வீட்டில் செபமாலை. ஒவ்வொரு தேவரகசியத்துக்கும் முன்னால் அந்தச் சம்பவத்தைத் தன் பேச்சில் சொல்வாள். புயலை அடக்கின இடத்தைப் பாட்டி சொன்ன மாதிரி எந்தச் சாமியாரும் சொல்லி நான் கேட்டதில்லை. செபமாலையில் இல்லாத அந்தச் சம்பவத்தை, காற்று எழும்பின ராத்திரிகளில் அவளாகவே சேர்த்துக்கொள்வாள். அணியத்தில் யார் இருந்தார், தண்ணி எப்படி உள்ளே ஏறிச்சு, தலையணையில் தூங்கினவரை எப்படி எழுப்பினார்கள், எல்லாம் வரும். அப்பா கடலில் இருந்த ராத்திரியில் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

1540-களில் சவேரியார் எங்கள் கரையில் செபங்களைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தபோது, பிள்ளைகளிடம்தான் முதலில் சொன்னார். வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவுக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார், அவர் கடிதத்திலேயே இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளையாயிருந்து கேட்டவர்கள் பின்னால் பாட்டியானார்கள். எங்கள் வரிசை அப்படி வந்தது. ஏடு இல்லாமல்.

---

பனையோலை

கடலோரம், இது என் வாதத்துக்கு எதிரானது இல்லை, அதை நான் சொன்னதைவிட நன்றாகச் சொல்கிறது. பாட்டி மக்ரீனாவும் கிரகோரியின் வார்த்தைகளை மனதில்தானே காத்துவைத்திருந்தாள்.

---

யாழ்_வாசகி

பழைய_ஏடு அண்ணை எழுதின தரங்கம்பாடிக் கதைக்கு எங்கட பக்கத்தில ஒரு தொடர்ச்சி இருக்கு. வெஸ்லியின்ர ஆக்கள் 1814-ல இலங்கைக்கு வந்தவை. அதில சிலர் நேரே யாழ்ப்பாணம். 1816-ல அவை தொடங்கின பள்ளிக்கூடம்தான் இண்டைக்கு யாழ் மத்திய கல்லூரி. தரங்கம்பாடியில தமிழர் நடுவில இருந்து எழுதின கடிதம் எப்வொர்த்துக்குப் போய், ஒரு தாயைத் தொட்டு, நூறு வருசத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளையளின்ர சபை திரும்பத் தமிழரிட்டயே வந்திருக்கு. இண்டைக்குத்தான் இதைச் சேர்த்துப் பாக்கிறன்.

எங்கட அம்மம்மா உடுவில் மகளிர் கல்லூரியில படிச்சவ. அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ 1824-ல தொடங்கின விடுதிப் பள்ளி. பொம்பிளப் பிள்ளையளைப் படிக்க வைச்சா ஆர் கலியாணம் கட்டுவினம் எண்டு சனம் கேட்ட காலம்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வு. ஒரே ராத்திரியில முழு ஊரும் ரோட்டில. நாவற்குழிப் பாலத்தடியில சனம் நெருக்கி, ஒரு அடி எடுத்து வைக்க ஏலாது, மேல மழை. வேதாகமம் வீட்டில விடுபட்டிட்டுது. அம்மம்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு 121-ஆம் சங்கீதத்தைச் சொன்னவ. எனக்கு நித்திரை தூங்கிப் போகாமல், ஒரு வசனம் தான், அடுத்தது நான் எண்டு மாத்தி மாத்திச் சொல்ல வைச்சவ. உன் காலைத் தள்ளாடவொட்டார் எண்ட வசனம் என்ர முறைக்கு வந்தது. சேத்துக்குள்ள நிண்டு சொன்னனான். இப்ப டொரொண்டோவில என்ர மகளுக்கும் நான் அப்பிடித்தான், மாத்தி மாத்தி.

---

வெளியே_நிற்பவன்

எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன். நான் இப்போது சபைக்குப் போவதில்லை. விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை. எனக்குத் தெரிந்த வேதம் முழுவதும் அவர் சொல்லித்தந்தது. அடித்ததில்லை, மிரட்டியதில்லை.

இப்போது உறவினர்கள் அம்மாவிடம் வந்து, நீ சரியாக வளர்க்கவில்லை என்கிறார்கள். பனையோலை ஐயா, தாய் ஆசிரியை என்று நீங்கள் தூக்கி நிறுத்தும்போது, என்னைப் போல ஒருவன் விலகினால் அது ஆசிரியையின் தோல்வி என்றும் ஆகிவிடாதா? அம்மா என் விஷயத்தில் எதையும் தவறவிடவில்லை. பொய் சொல்லக் கூசுவது, சம்பளத்தில் ஒரு பங்கை இல்லாதவர்களுக்கு என்று முதலில் எடுத்துவைப்பது, எல்லாம் அவரிடமிருந்து வந்தவை. எனக்காக அவர் பழி சுமப்பதுதான் தாங்க முடியவில்லை.

---

பனையோலை

தம்பி, எழுதியதற்கு நன்றி. உங்கள் அம்மாவிடம் அப்படிப் பேசுகிறவர்கள் அநியாயம் செய்கிறார்கள்.

நான் மோனிக்காவில் தொடங்கினேன். அவளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன், உங்களுக்காக இப்போது சொல்கிறேன். அகஸ்தீன் தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலில், 19 வயதில் சிசரோவின் புத்தகம் ஒன்றை வாசித்து ஞானத்தின் மேல் பைத்தியமானதை எழுதுகிறார். அதில் அவருக்கு ஒரே ஒரு குறை: கிறிஸ்துவின் பெயர் அங்கே இல்லை. அந்தப் பெயரைத் தாய்ப்பாலோடு குடித்திருந்தேன், அது இல்லாத எதுவும், எவ்வளவு அழகாயிருந்தாலும், என்னை முழுதாகக் கவரவில்லை என்கிறார். அதற்குப் பிறகும் அவர் சபைக்கு வெளியே பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். அந்த வருஷங்களில் மோனிக்காவைத் தோற்றுப்போன தாய் என்று ஊரார் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லிக்கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை.

நீங்களும் கடைசியில் திரும்பி வந்துவிடுவீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது உங்களுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. உங்கள் அம்மா தன் வேலையைச் செய்திருக்கிறார். இங்கே எழுதியதை அவரிடமும் ஒருமுறை சொல்லுங்கள், "என் விஷயத்தில் நீங்கள் எதையும் தவறவிடவில்லை" என்று. உறவினர் வாயை அடைக்க முடியாது, ஆனால் அவர் அதை உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

---

மார்த்தாண்டம்_டீச்சர்

வெளியே_நிற்பவன், பனையோலை சொன்னதைச் செய்யுங்கள் மக்களே. இன்றைக்கே போன் போடுங்கள்.

---

பழைய_ஏடு

சூசன்னாவைப் பற்றி இன்னும் ஒன்று. 1740-ஐ ஒட்டி, குருப்பட்டம் பெறாத தாமஸ் மாக்ஸ்ஃபீல்ட் என்பவர் லண்டனில் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிட்டார். கேள்விப்பட்ட ஜான் கோபத்தோடு ஓடிவந்தார். அப்போது முதுமையில் மகனோடு தங்கியிருந்த சூசன்னா, அந்தப் பையன் விஷயத்தில் ஜாக்கிரதையாயிரு, உன்னைப் போலவே அவனையும் கடவுள் அழைத்திருக்கிறார், போய் அவன் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் பேசு என்றார். ஜான் கேட்டார், சம்மதித்தார். மெதடிஸ்ட் சபையில் பட்டம் பெறாத பிரசங்கிகள் ஊர் ஊராய்ப் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். நாற்பது வயதை நெருங்கும் மகனுக்கும் அவர் ஆசிரியைதான்.

---

கோவை_அப்பா

என் மனைவி செவிலியர், வாரத்தில் பாதி நாள் இரவுப் பணி. வியாழன் மாலை, திண்ணை எல்லாம் வாசிக்கும்போது அவளுக்கு ஏக்கமாக இருக்கும். ஆகவே மாற்கு சுவிசேஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். அரை அதிகாரம் வாசிப்போம், மகள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைப்போம், அவள் அம்மா பணி முடிந்து வந்ததும் அதற்குப் பதில் எழுதிவைப்பாள். மகளுக்கு அந்த நோட்டு உயிர்.

இப்போது ஐந்தாம் அதிகாரத்தில் நிற்கிறோம். லேகியோன் பிடித்த மனிதன் சுகமாகிறான், ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்து சாகின்றன. பன்றி என்ன தப்பு செய்தது, வளர்த்தவர்களுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்கிறாள். எட்டு வயது. நானும் மனைவியும் இன்னும் பதில் எழுதவில்லை. யாராவது உதவுங்கள்.

---

நாசரேத்து_மகள்

அண்ணா, நல்ல கேள்வி, அதை அடக்கிவிடாதீர்கள். அவசரப்பட்டுப் பதிலும் எழுத வேண்டாம். 14-ஆம் வசனத்திலிருந்து 20 வரை அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பன்றி மேய்த்தவர்கள் ஓடுகிறார்கள், ஊரார் வந்து பார்க்கிறார்கள், அந்த மனிதன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்த்தும், எங்கள் எல்லையை விட்டுப் போங்கள் என்று இயேசுவைக் கேட்கிறார்கள். ஊரார் எதை எண்ணிப் பார்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதை நோட்டில் எழுதிவைத்து, அவளுடைய அம்மாவிடம் காட்டுங்கள்.